2 ரூபாய் 85 காசுப் பூவைத் தேடி

ஆகஸ்ட் 17, சனி – ரிஷிகேஷிலிருந்து பீபல்கோட்டி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "பூ இன்னும் இருக்குமாடி?" ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும் சித்தி என்று சொன்னேன். திருச்சியில் ரயில் ஏறியதிலிருந்து இதே கேள்விக்கு இதே பதில்தான்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. பட்டையான இலை மாதிரி தண்டு, அதன் ஓரத்திலிருந்தே மொட்டு வரும். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைவெளேரென்று விரியும். வாசம் தெருக்கோடி வரை போகும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் மாடியேறி வருவார்கள். உள்ளே அனந்தசயனம் தெரிகிறது என்று பாட்டிமார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சித்தி கற்பூரம் காட்டுவார். விடிவதற்குள் பூ துவண்டு தொங்கிவிடும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பிரம்ம கமலம்.

சித்தப்பா மட்டும் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். தபால் இலாகாவில் இருந்தவர், அஞ்சல்தலை சேர்ப்பவர். 1982இல் இமயமலைப் பூக்கள் என்று நாலு தலைகள் வந்தன. அதில் 2 ரூபாய் 85 காசுத் தலையில் இருப்பதுதான் பிரம்ம கமலம், மாடியில் இருப்பது மெக்சிகோப் பக்கத்துக் கள்ளி என்பார். சித்தி விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒவ்வொரு முறை மாடியில் பூ விரியும்போதும் கீழே இந்த வாக்குவாதம் நடக்கும். சித்தப்பா போய் மூன்று வருஷமாகிறது. இந்தச் சித்திரையில் சித்தி என்னைக் கூப்பிட்டு, "அவர் சொன்ன பூவை ஒரு தடவை பார்த்துடணும், கூட்டிட்டுப் போறியா?" என்றார். சித்திக்கு வயசு 63. சரி என்று சொல்லிவிட்டுத்தான் அது எங்கே பூக்கிறது என்று பார்த்தேன். உத்தராகண்டில், மூவாயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேலே.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். அந்தப் பூ சூரியகாந்திக் குடும்பம் என்பது தெரியும். பாடமாகத்தான் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை.

தேவப்பிரயாகையில் டிரைவர் டீக்கு நிறுத்தினார். அலகநந்தாவும் பாகீரதியும் சேரும் இடம். மழைக்காலம் என்பதால் இரண்டுமே செம்மண் கரைசலாக ஓடின. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான் என்று சொன்னதும் சித்தி ரோட்டோரம் நின்றே ரகுநாதர் கோயில் திசையில் கும்பிட்டார். இறங்கிப் போக நேரமில்லை. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். (திரும்பும்போதும் முடியவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.)

சாயங்காலம் நாலு மணிக்கு பீபல்கோட்டி தாண்டி வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் மலை சரிந்திருந்தது. ஒரு லாரி அளவுக்குப் பாறை, அதன் மேல் இன்னும் கல் உருண்டுகொண்டிருந்தது. ஜேசிபி தூரத்தில் நின்று காத்திருந்தது. மேலே கல் விழுவது நின்றால்தான் கை வைப்பார்களாம். இருட்டும் வரை பார்த்துவிட்டு பீபல்கோட்டிக்கே திரும்பினோம். கிடைத்த அறை 1,200 ரூபாய். சுவரெல்லாம் ஈரம். ராஜ்மா, சாதம், பச்சை மிளகாய், வெங்காயம், ஆளுக்கு 120. அந்தக் குளிருக்கு ராஜ்மாவும் சாதமும் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு – ஜோஷிமட்

காலை ஆறு மணிக்கே வரிசையில் போய் நின்றோம். வழி திறந்தபோது மணி ஒன்று.

அந்த ஏழு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். பஞ்சாபிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சீக்கிய இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஹேம்குண்ட் ஏரிக்கரைக் குருத்வாராவுக்குப் போகிறவர்கள். வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் வந்து, ஜன்னலைத் தட்டி, வறுத்த கடலையும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சித்தியிடம் "மாதாஜி, மருந்து ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். எங்களை ஏற்றி வந்த டிரைவரோ தாமதத்துக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் கேட்டார். பேசிப் பேசி ஐந்நூறில் முடிந்தது. அவருக்கும் ஒரு நாள் வருமானம் போயிற்று, அது நியாயம்தான்.

ஜோஷிமட் போய்ச் சேர்ந்ததும் சித்திக்குத் தெம்பு வந்துவிட்டது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்பார்கள். நரசிம்மர் கோயிலில் மதுரையிலிருந்து பத்ரிநாத் போகிற கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். "பத்ரிக்குப் போகலையா? பூ பார்க்கவா போறீங்க?" என்று ஒரு அம்மா ஆச்சரியப்பட்டார். சித்தி தயங்காமல் சொன்னார்: "ஆமாம்மா, பூ பார்க்கத்தான்."

2023 ஜனவரியில் இந்த ஊர் மண்ணுக்குள் இறங்கியதும் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டதும் செய்தியில் வந்தது. இப்போதும் நடந்து போகும்போது சுவரில் கை நுழையும் அளவு வெடிப்புகள் தெரிகின்றன. அந்த வெடிப்புக்குப் பக்கத்திலேயே துணி காய்கிறது, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

தங்கிய இடத்தின் உரிமையாளர் அம்மா எங்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கீழே வரும்போது என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள் – கங்காரியா

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஷேர் ஜீப், தலைக்கு 50 ரூபாய். அதற்கு மேல் ரோடு கிடையாது. ஒன்பது பத்து கிலோமீட்டர் ஏற்றம். சித்தியைக் கோவேறு கழுதையில் ஏற்றினேன். ஏறும் வரை பயந்தவர், ஏறியதும் "கோயில் யானை மேல உக்காந்த மாதிரி இருக்குடி" என்றார். இன்று ரக்ஷா பந்தன். கழுதைக்காரர் கையில் புது ராக்கி, சிவப்பும் தங்கமுமாக. காலையில் தங்கச்சி கட்டி அனுப்பினாளாம். மழை நனைக்காமல் இருக்க அதை அடிக்கடி சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் மழைக்கோட்டு இங்கே 50 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் அக்குளில் கிழிந்துவிட்டது. டீ கீழே 20, பாதி வழியில் 30, கங்காரியாவில் 40. கழுதை முதுகில் ஏறி வரும் சர்க்கரைக்கும் பாலுக்கும் அந்த விலை கொடுக்கலாம்.

வழியில் வழிகாட்டிப் பையன் ஒருவன் சேர்ந்துகொண்டான். பக்கத்து பியூண்டார் கிராமத்துக்காரன், இருபது இருபத்திரண்டு வயசிருக்கும். நான் தெரிந்த ஹிந்தியில் அவனை "பையா" (அண்ணா) என்று கூப்பிட, சித்தி அதைத் தமிழ்ப் பையா என்றே எடுத்துக்கொண்டு, "ஏம்ப்பா பையா" என்று வாய் நிறைய அழைக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளும் அப்படித்தான்.

கங்காரியா 3,000 மீட்டர் சொச்சம். ஒரே தெரு. சேறும் சாணமும் நனைந்த கம்பளி வாடையும். ஒரு வாளி வெந்நீர் 100 ரூபாய். ராத்திரி கரண்ட் இல்லை. இரண்டு ரஜாய் போர்த்தியும் சித்தி பல் கிட்டித்துக்கொண்டு படுத்திருந்தார். தூக்கம் வராமல், பூவைப் பற்றிச் சொல்லேன் என்றார். நானும் சொன்னேன்.

இந்தப் பூவின் பேரினத்துக்குச் சௌசுரியா என்று பெயர். 1810இல் ஜெனீவாக்காரரான தெ கந்தோல் வைத்த பெயர். அதே ஊரைச் சேர்ந்த சோசூர் என்ற அப்பா, பிள்ளை இருவரையும் நினைத்து வைத்தார். அப்பா மலைப் பைத்தியம். ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவேன் என்று 1760லேயே அறிவித்து, வழி தெரிந்த பிறகு 1787இல் தானும் ஏறி, உச்சியில் நின்று காற்றழுத்தம் அளந்தவர். காற்றின் ஈரத்தை அளக்க மனிதத் தலைமுடியை வைத்தே ஒரு கருவி செய்தார். முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். பிள்ளை, செடிகள் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் உடம்பைக் கட்டுவதைச் சோதனை செய்து காட்டியவர். இந்தப் பேரினத்தில் முந்நூறுக்கு மேல் இனங்கள் உண்டு, பெரும்பாலும் ஆசியாவின் குளிர்ந்த மலைகளில்.

"முடியை வெச்சு ஈரம் அளந்தாரா?" என்றார் சித்தி. தன் நனைந்த பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய் – பூக்களின் பள்ளத்தாக்கு

சித்தி அறையில் ஓய்வு. நான் மட்டும் பையனோடு போனேன்.

1931இல் காமெட் சிகரம் ஏறிவிட்டு வழி மாறி வந்த ஆங்கிலேய மலையேறி ஃபிராங்க் ஸ்மைத்தின் குழு இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. 1982இல் தேசியப் பூங்கா, 2005இல் யுனெஸ்கோ பட்டியல். இதெல்லாம் பலரும் எழுதியாயிற்று. எனக்குக் கிடைத்தது மழை, மழை, இன்னும் மழை. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. காசித்தும்பை வகைச் செடி என் தோள் உயரத்துக்கு இருபுறமும் நின்றது. 1939இல் பூ சேகரிக்க வந்து வழுக்கி விழுந்து இறந்த ஜோன் லெக் அம்மையாரின் கல்லறை வரை போனேன். ஈரக் கல்லின் மேல் யாரோ வைத்த நாலு காட்டுப் பூக்கள்.

பிரம்ம கமலம் இங்கே இருக்குமா என்று கேட்டேன். இங்கே உயரம் போதாது, பாறைச் சரிவுக்குப் போக வேண்டும், நாளைக்கு ஹேம்குண்டில் பாருங்கள் என்றான் பையன். அவன் போனில் இன்னொரு படம் காட்டினான். பஞ்சு மூட்டை ஒன்று கல்லுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. ஃபேன் கமல் என்று பெயர், நுரைத் தாமரை. இதே சௌசுரியாதான், பிரம்ம கமலத்துக்கும் மேலே வளர்வது. உடம்பு முழுக்க வெள்ளை ரோமத்தைப் போர்த்திக்கொண்டு, உச்சியில் மட்டும் பூச்சிகள் நுழைய ஓட்டை விட்டிருக்கும். உள்ளே தேனீ ராத்திரி தங்கும் என்றான். அவன் அப்பா ஆடு மேய்த்த காலத்தில் பார்த்ததாம்.

திரும்பி வரும்போது என் ஷூவின் அடிப்பாகம் முழுசாகப் பிரிந்து வந்துவிட்டது. கங்காரியாவில் தைப்பவர் யாரும் இல்லை. பையன் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தான். கடையில் ரப்பர் பூட்ஸ் கேட்டேன், 600 சொன்னார். வாங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கீழே இறங்கும் வரை அந்தப் பூட்ஸ்தான்.

ஆகஸ்ட் 21, புதன் – ஹேம்குண்ட்

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அவ்வளவும் செங்குத்து. மேலே யாரும் ராத்திரி தங்கக் கூடாது, மதியம் இரண்டுக்குள் இறங்கிவிட வேண்டும். சித்திக்கு மறுபடியும் கழுதை.

இந்தப் பாதையில் யார் எதிரே வந்தாலும் "வாஹேகுரு" என்று சொல்லிப் புன்னகைக்கிறார்கள். மூச்சு முட்டி நிற்கும்போது ஒரு பாட்டி, எழுபது வயசிருக்கும், வெறுங்காலோடு ஏறுகிறவர், தன் துப்பட்டா முடிச்சை அவிழ்த்து எனக்கு இரண்டு கற்கண்டு கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் வைத்து அழுத்திவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மேல் மரங்கள் நின்றுவிட்டன. அப்புறம் புல், பாறை, மூடுபனி. பாறை இடுக்கில் நீலப் பாப்பி ஒன்று, முள் முள்ளான தண்டில், மழையில் தலை குனிந்து நின்றது. அதற்கு மேல் இரண்டு வளைவு தாண்டியதும் பையன் கழுதையை நிறுத்தச் சொன்னான். "மாதாஜி" என்று கையைக் காட்டினான்.

வலது பக்கச் சரிவு முழுக்க நின்றிருந்தன. இருபது, முப்பது இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை, பனி மறைக்கும் வரை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வையில் தாமரை என்று எதுவும் தோன்றவில்லை. முழங்கால் உயரத் தண்டு, அடியில் பல் வெட்டின இலைகள், மேலே முட்டைக்கோஸ் விரியத் தொடங்கிய மாதிரி ஒரு மூட்டம். நிறம் வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்தது. எண்ணெய்த் தாளில் வெளிச்சம் படுவது போல மடல்கள் உள்ளிருந்து ஒளிர்ந்தன.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சாமந்தியைப் பிய்த்துக் காட்டி, இது ஒரு பூ இல்லை, ஒரு கூடைப் பூ என்று சொல்லி வருகிறேன். இங்கே அதே பாடம் வேறு மாதிரி எழுதியிருந்தது. நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, இலை மாறி மடலானது. படகு மாதிரி குழிந்த அந்த மடல்கள் ஒன்றன் மேல் ஒன்று கவிந்து மூடியிருக்கின்றன. ஒரே ஒரு மடலை விரல் நுனியால் லேசாக விலக்கினேன். உள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சின்னச் சின்னத் தலைகள், நெருக்கி அடித்துக்கொண்டு. ஒவ்வொரு தலையையும் சுற்றிக் கருப்புக் கரை போட்ட செதில்கள். ஒவ்வொரு தலைக்குள்ளும் குழாய் மாதிரி குட்டிப் பூக்கள் திரளாக. செவ்வந்தியில் ஓரத்தில் நீளமாகத் தெரிகிற பட்டைப் பூ இதில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வேலையை மடல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

மடலின் வெளிப்புறம் முழுக்க நீர்த்துளி. உள்ளே தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. இவ்வளவு மழையிலும் மகரந்தத்தில் ஒரு சொட்டு படவில்லை. வெயில் வந்தால் இதே மடல் கண்ணாடி வீடு மாதிரி வேலை செய்யும். வெளிச்சத்தை உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உள்ளே கரிய சிறு பூச்சி ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்காமல் மடலை விட்டேன், மெல்லப் பழைய இடத்துக்கே போய்ப் படிந்தது. விரலில் ஒரு காரமான வாசம். மல்லிகை மாதிரி இனிப்பு இல்லை. பச்சிலைக் கசக்கலும் கஸ்தூரியும் சேர்ந்த மாதிரி ஒன்று. பையன் சொன்னான், ஒரு மைதானம் முழுக்கப் பூத்திருந்தால் சிலருக்குத் தலை சுற்றும் என்று.

அதற்குள் சித்தி கழுதையிலிருந்து இறங்கி வந்திருந்தார். இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்த அஞ்சல்தலை. ஊரில் புறப்படும்போது ஆல்பத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறார், எனக்கே தெரியாது. பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உறையைப் பூவுக்கு நேரே பிடித்து, மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மழை தூறியது. நான் குடை பிடித்தேன்.

"நிறம் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அப்புறம், "அவர் சொன்னது சரிதான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடைசிப் பகுதிக்குப் படிக்கட்டு. ஆயிரம் படி இருக்கும் என்றார்கள். நான் எண்ணவில்லை, பத்துப் படிக்கு ஒரு முறை நின்றேன். ஏரி முழுக்கப் பனி மூட்டம், தண்ணீர் எது வானம் எது என்று தெரியாத நிலை. அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்து "வாஹேகுரு" என்று கத்துகிறார்கள். நான் முகம் மட்டும் கழுவினேன், பல் வரை விறைத்தது. பக்கத்திலேயே லட்சுமணர் கோயில். அங்கே சித்தி கும்பிட்டார். குருத்வாராவில் கம்பளம் மேல் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கும்பிட்டார்.

அங்கே கிடைத்த கிச்சடியைச் சொல்லாமல் விட முடியாது. கொதிக்கக் கொதிக்க, தளதளவென்று, நெய் மணத்தோடு. ஸ்டீல் தம்ளரில் டீ. யாருக்கும் காசு கிடையாது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், மூன்று நாள் முன்னால் ரோட்டில் கடலை கொடுத்த இளைஞர். சித்தியை அடையாளம் கண்டு ஓடி வந்து, இரண்டாம் கரண்டி போட்டார். "போதும்ப்பா, போதும்" என்று சித்தி தமிழில் சொல்ல, அவர் பஞ்சாபியில் ஏதோ சொல்லி மூன்றாம் கரண்டியும் போட்டார்.

இறங்கும் வழியில்தான் மனசு கெட்டது. எங்களுக்கு முன்னால் போன ஒரு ஆள் கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே ஏழெட்டுப் பிரம்ம கமலம், வேரோடு பிடுங்கியவை. மடல்கள் நசுங்கிப் பழுப்பேறியிருந்தன. பையன் அவரிடம் போய்ப் பேசினான், குரல் உயர்த்தாமல். பூஜைக்கு என்றார் அவர். பிடுங்குவது குற்றம் என்றான் இவன். அவர் பையை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டார்.

அப்புறம் வெகுதூரம் பையன் பேசவில்லை. பேசியபோது இதைச் சொன்னான்: எங்கள் ஊரில் நந்தா தேவி திருவிழாவான நந்தா அஷ்டமிக்குத்தான் இதைப் பறிப்போம். அதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது. விரதம் இருந்து, செருப்பில்லாமல் மேலே போய், அம்மனுக்குத் தேவையானதை மட்டும் கொண்டுவருவோம். அதற்குள் பல பூக்களில் விதை முற்றியிருக்கும், போகும் வழியெல்லாம் உதிரும்.

விதைக்கு இறகு மாதிரி மயிர்க் குடுமி உண்டு, காற்றில் பறக்கும். நம் ஊர் மூக்குத்திப் பூவின் விதை பறப்பது போலத்தான், இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் பூவிலேயே பறித்துவிட்டால் பறக்க எதுவும் இருக்காது. உத்தராகண்டின் மாநிலப் பூ அது. அதைப் பையில் திணித்துக்கொண்டு போகிறவரைத் தடுக்க அந்த மலையில் ஒரு இருபது வயசுப் பையன்தான் இருந்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்திக்கும் ஒரு பூ எடுத்துப்போக ஆசை இருந்திருக்கிறது. ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னார். "சாமி அலமாரியில அவர் படத்துக்கு வைக்கலாம்னு நெனச்சேன். அந்தப் பையைப் பார்த்ததும் வேணாம்னு ஆயிடுச்சு."

ஆகஸ்ட் 22, வியாழன் – கீழே

இறக்கம்தான் முழங்காலைக் கொன்றது. ரப்பர் பூட்ஸ் குதிகாலைத் தேய்த்து இரண்டு கொப்புளம். புல்னாவில் ஆலு பராட்டா, 60 ரூபாய், வெண்ணெய் மேலே உருக உருக. இரண்டு சாப்பிட்டேன். பையனுக்கு மூன்று நாளைக்குப் பேசியதற்கு மேல் சித்தி தன் கையிலிருந்து ஐந்நூறு கொடுத்தார். அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நல்லா இருப்பா பையா" என்றார்.

வண்டிக்குக் காத்திருந்தபோது சித்தி கேட்டார், இந்தப் பூவுக்கு நம்ம ஊரில் சொந்தம் யாருமே இல்லையா என்று. இருக்கிறது. கோஷ்டம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர், சித்தி வீட்டுக் குளியல் பொடியில்கூட ஒரு பிடி போட்டு அரைப்பார்கள். பழைய உரைகளில் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று வரும் ஐந்து விரைகளில், அதாவது மணப்பொருள்களில், முதலாவது. அது வளர்வது காஷ்மீர், இமாச்சல் பக்கம். நெடுங்காலம் சௌசுரியாவாகவே இருந்தது, இப்போது சிலர் அதை ஒட்டிய வேறு பேரினத்தில் வைக்கிறார்கள். காட்டில் தோண்டித் தோண்டி ஏறக்குறைய அழிந்து, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான உலக வணிக உடன்படிக்கையில் மிகக் கடுமையான பட்டியலில் போட்டிருக்கிறார்கள். லாஹௌல் பள்ளத்தாக்கில் வயலில் பயிரிடுகிறார்கள்.

"அப்ப என் குளியல் பொடியில இருக்கறது இதோட பங்காளியா?" என்று சித்தி தன் முழங்கையை முகர்ந்து பார்த்தார். நானும் என் விரலை முகர்ந்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் நேற்றைய வாசம் நகத்தோரத்தில் மிச்சமிருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி – ஜோஷிமட்

ரோடு மறுபடி மூடியது. ஒரு நாள் முழுக்க இங்கேயே. ரிஷிகேஷ் ரயிலை விட்டுவிட்டோம். புது டிக்கெட் கிடைக்கவில்லை, ஹரித்வாரிலிருந்து பஸ்ஸில் டெல்லி போய் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

சொன்னபடி விடுதி அம்மாவின் வீட்டுக்குப் போனோம். நடுக்கூடத்துச் சுவரில் மூலையிலிருந்து மூலை வரை விரிசல், சிமெண்ட் பூசிய தடம். அதற்குக் கீழேதான் பூஜை மாடம். டீயும் உப்புப் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, மாடத்திலிருந்து பித்தளைச் சிமிழ் ஒன்றை எடுத்து வந்தார். திறந்தால் காய்ந்த பிரம்ம கமலம். மாமனார் கேதார்நாத்திலிருந்து பிரசாதமாகக் கொண்டுவந்ததாம், அவர் காலமாகியே பதினெட்டு வருஷம். பழைய காகிதத்தின் நிறத்தில் மடல்கள், நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உள்ளே ஊதா கருத்துப்போயிருந்தது. முகர்ந்தேன், வாசம் இல்லை.

அந்த அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மடலின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். சத்தமில்லாமல் கழன்று வந்தது. அதைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டார்.

சித்தி சுருக்குப் பையைத் திறந்து உறையை எடுத்தார். அஞ்சல்தலைக்குப் பின்னால் மடலைச் செருகப் பார்த்தார், நீளம் அதிகம், உடைந்துவிடும் போலிருந்தது. விடுதி அம்மா பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்து, மடலையும் தலையையும் அந்தத் தாளுக்குள் வைத்து மடித்தார்கள்.